அஸ்தம்பட்டியில் ஒரு வணிக ஸ்பானிஷ் வகுப்பு: ஒப்பந்தம் படிக்க வேண்டியவர்களுக்கு

சேலத்தில் ஸ்பானிஷ் யாருக்குத் தேவை என்று கேட்பவர்கள், கொண்டலாம்பட்டி பக்கத்து ஏற்றுமதி கம்பெனி ஏதாவது ஒன்றில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சமையலறைத் துண்டு, மேசை விரிப்பு, தலையணை உறை, ஏப்ரன் என்று ஸ்பெயினுக்குச் சரக்கு போகிறது. அங்கே சரக்கு வாங்கும் பையரின் ஆள் நம்மோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார், மெயிலும் ஆங்கிலம்தான். ஆனால் ஆர்டரின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகள் ஸ்பானிஷ். சரக்கில் தகராறு என்றால் அவர்கள் வக்கீல் அனுப்பும் கடிதமும் ஸ்பானிஷ். நான் அப்படி ஒரு கம்பெனியில் டாக்குமெண்டேஷன் பார்க்கிறேன். ஊர் சுற்றிப் பார்க்க உதவும் ஸ்பானிஷ் எனக்குத் தேவைப்படவில்லை. இந்தக் காகிதங்களைப் படிக்கும் ஸ்பானிஷ் தேவைப்பட்டது. அதை மட்டுமே சொல்லித்தரும் வகுப்பு ஒன்று அஸ்தம்பட்டியில் நடக்கிறது. அங்கே ஒரு பேட்ச் முழுதும் படித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

வகுப்பு ஒரு வீட்டு மாடியில். பெயர்ப்பலகை கிடையாது. ஞாயிறு காலை 10 மணியிலிருந்து 1 மணி வரை நேரில், புதன் இரவு ஒரு மணி நேரம் ஆன்லைனில். ஆறு மாதத்துக்கு 15,000 ரூபாய், இரண்டு தவணையாகக் கட்டலாம். டீச்சர் மாட்ரிட்டில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் ஒப்பந்த மொழிபெயர்ப்பு வேலை பார்த்துவிட்டு, வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஊருக்குத் திரும்பியவர். அடிப்படை ஸ்பானிஷ் தெரியாதவர்களைச் சேர்ப்பதில்லை. வினைச்சொல்லை மூன்று காலத்திலும் மாற்றத் தெரிகிறதா என்று ஒரு சின்னப் பரீட்சை வைத்துத்தான் எடுக்கிறார். என்னோடு படித்தவர்களில் செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசுத் தொழில் செய்யும் குடும்பத்துத் தம்பி ஒருவர், ஒரு கிரானைட் கம்பெனியின் கணக்காளர், சேலம் கோர்ட்டில் பிராக்டிஸ் செய்யும் இளம் வக்கீல், ஏற்காட்டில் காபியும் மிளகும் வைத்திருக்கும் ஒரு அக்கா எல்லாம் இருந்தார்கள்.

ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கு ஸ்பானிஷ் சுலபம் என்று சொல்வார்கள். பாதி வார்த்தைகள் பார்த்தவுடனே தெரிந்த முகமாக இருக்கும் என்பது உண்மைதான். சட்ட ஸ்பானிஷில் அந்தப் பாதியில்தான் ஆபத்து. ‘கொம்ப்ரொமீசோ’ என்று ஒரு சொல். ஆங்கிலக் காதுக்கு அது விட்டுக்கொடுத்துச் சமரசம் ஆவதுபோல் கேட்கும். ஒப்பந்தத்தில் அதற்குப் பொருள் கடமைப்பாடு, நிறைவேற்றியே ஆக வேண்டிய உறுதிமொழி. ‘எவெந்துவால்’ என்றால் கடைசியில் நடந்தே தீரும் என்று ஆங்கிலம் சொல்லும். ஸ்பானிஷில் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். ‘செந்தென்சியா’ தண்டனை இல்லை, தீர்ப்பு. சொத்துத் தகராறு வழக்கின் தீர்ப்புக்கும் அதே சொல்தான்.

இவற்றையெல்லாம் விடப் பெரியது ‘ரெசொலுசியோன்’. ‘ஒப்பந்தத்தின் ரெசொலுசியோன்’ என்று பையரின் வக்கீல் எழுதினால், ஆங்கிலம் படித்தவர் பிரச்சினையைத் தீர்த்துக்கொள்ள வருகிறார்கள் என்று நினைப்பார். அங்கே நடப்பது நேர் எதிர். நீங்கள் ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், ஆகவே நாங்கள் அதை முறித்துக்கொள்கிறோம் என்பது அதன் பொருள். ஸ்பெயினின் 1889ஆம் வருடத்து சிவில் சட்டத் தொகுப்பில் 1124ஆவது பிரிவு இதைத்தான் பேசுகிறது: இரு தரப்புக்கும் கடமை உள்ள ஒப்பந்தத்தில் ஒருவர் தன் கடமையைச் செய்யாவிட்டால், மற்றவர் நிறைவேற்றச் சொல்லியும் கேட்கலாம், முறித்துக்கொள்ளவும் செய்யலாம், இரண்டிலும் நஷ்ட ஈடு உண்டு. பக்கத்திலேயே ‘ரெசிசியோன்’ என்று இன்னொரு சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டையும் கலந்து எழுதிவிடுவார்கள். ஸ்பெயின் சட்டத்தில் அது தனி அத்தியாயம்: செல்லுபடியாகும் ஒப்பந்தம்தான், ஆனால் யாருக்கோ அநியாய நஷ்டம் வருகிறது என்பதால் சட்டம் அதைக் கலைத்துவிட அனுமதிக்கிற சில இடங்கள். இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட டீச்சர் ஒரு ஞாயிறு முழுதும் எடுத்துக்கொண்டார். எனக்கு அந்த ஒரு வகுப்புக்கே கட்டணம் தகும். இந்த வருடம் எங்களுக்கு வந்த ஒரு கடிதத்தில் ‘ரெசொலுசியோன்’ என்ற சொல் மூன்றாவது வரியில் இருந்தது. அன்று மதியமே முதலாளியிடம் சொன்னேன், மாலையே வலென்சியாவுக்குப் போன் போட்டுப் பேசினார்கள், விலையில் கொஞ்சம் குறைத்து ஆர்டரைக் காப்பாற்றினோம்.

இந்த வகுப்பை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது கற்றுத்தரும் முறை. நான் அக்கறையோடு சொல்ல வருவதும் அதைத்தான். பாடக் குறிப்புகளில் ஸ்பானிஷுக்குப் பக்கத்தில் ஆங்கிலம் அச்சாகியிருக்கும். ஆனால் டீச்சர் ஆங்கிலத்தோடு நிற்பதில்லை. பெயர்களைக் கறுப்படித்த ஒரு சேலம் கிரயப் பத்திரத்தையும் ஒரு ஸ்பெயின் கிரயப் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்கிறார். முதல் நாளே எங்கள் கையில் வந்தது, ‘ஆகிய தங்களுக்கு, ஆகிய நான் எழுதிக் கொடுத்த சுத்தக் கிரய சாசனப் பத்திரம் என்னவென்றால்’ என்று நமக்கெல்லாம் தெரிந்த வாசகம். ஸ்பானிஷ் பத்திரமும் அதேபோல்தான் தொடங்குகிறது. மேலே பெரிய எழுத்தில் ‘ரெயுனீதோஸ்’, கூடியிருப்பவர்கள். ஒரு தரப்பில் இன்னார், இன்ன அடையாள எண், இன்ன முகவரி. மறு தரப்பில் இன்னார். அப்புறம் ‘எக்ஸ்போனென்’, அதாவது நடந்த விவரங்களை எடுத்துச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகுதான் நிபந்தனைகள். வீடு வாங்கிய, நிலம் விற்ற எந்தக் குடும்பத்திலும் இந்தச் சட்டகம் பழக்கமானது. 

‘லீப்ரே தே கார்காஸ் இ கிராவாமெனெஸ்’ என்ற தொடருக்கு ஆங்கில அகராதி நாலு சொல் தருகிறது. டீச்சர் ஒரே சொல் தந்தார்: வில்லங்கம் இல்லாமல். அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. சொத்துப் பதிவகத்தில் கேட்டு வாங்கும் ‘நோத்தா சிம்ப்ளே’ என்ற சின்னத் தாளில் உரிமையாளர் யார், சொத்தின்மேல் என்ன கடன், என்ன ஜப்தி இருக்கிறது என்று வரும். நம் வில்லங்கச் சான்றிதழோடு அது அச்சாகப் பொருந்தாது, ஆனால் எதற்காக வாங்குகிறோம் என்பது ஒன்றுதான். ‘எம்பார்கோ’ என்றால் ஆங்கிலம் தெரிந்தவருக்கு நாட்டுக்கு நாடு வணிகத் தடை நினைவுக்கு வரும். ஸ்பெயின் நீதிமன்றக் காகிதத்தில் அது ஜப்தி. ‘பகரே’ நம் புரோநோட்டு.

‘சனெயாமியெந்தோ’ என்ற சொல்லை ஆங்கில வாசனையில் படித்தால் சாக்கடை, சுகாதாரம் என்று எங்கேயோ போய்விடுவோம். அந்தப் பொருளும் அதற்கு உண்டு. ஆனால் விற்பனைச் சட்டத்தில் அது விற்றவரின் பொறுப்பு. வாங்கியவர் அந்தப் பொருளை யாருடைய இடைஞ்சலும் இல்லாமல் அனுபவிப்பதற்கும், அதில் மறைந்திருக்கும் குறைகளுக்கும் விற்றவர் பதில் சொல்ல வேண்டும். டீச்சர் நம் பத்திரத்தில் ஒரு வரியைக் காட்டினார்: ‘பின்னிட்டு யாதொரு வில்லங்கம் ஏற்பட்டாலும் என் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுக்கிறேன்.’ பாதி சனெயாமியெந்தோ அந்த வரியிலேயே இருக்கிறது. மீதிப் பாதி, மறைந்த குறைகள், எங்கள் துணித் தொழிலுக்கு நேரடியாக வருவது. சாயம் போவது, துவைத்தால் அளவுக்கு மீறிச் சுருங்குவது எல்லாம் அங்கேதான் சேரும்.

அட்வான்ஸைப் பற்றிய பாடத்தில் வகுப்பே கலகலப்பானது. ‘அர்ராஸ்’ என்பது கிரய ஒப்பந்தத்தில் கொடுக்கும் முன்பணம். சிவில் தொகுப்பின் 1454ஆவது பிரிவின்படி, பின்வாங்கும் உரிமையோடு முன்பணம் கொடுத்திருந்தால், வாங்குபவர் பின்வாங்கினால் பணம் போச்சு. விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். கொலுசுத் தொழில் தம்பி உடனே, “நம்ம ஊர்ல இப்படிச் சட்டம் இருந்தா எத்தனை பஞ்சாயத்து மிச்சம் ஆகியிருக்கும் டீச்சர்” என்றார். இளம் வக்கீல் இந்தியாவின் 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தில் முன்பணம் பறிமுதல் எப்படிப் பார்க்கப்படுகிறது என்று ஆரம்பித்தார். விவாதம் மதியம் ஒரு மணி தாண்டியும் ஓடியது. அதில் பாதி ஸ்பானிஷிலேயே நடந்தது என்பதுதான் விஷயம்.

‘நொத்தாரியோ’ பற்றி ஒரு எச்சரிக்கையும் இங்கே கிடைத்தது. நம் ஊரில் கோர்ட் வாசலில் நோட்டரி முத்திரை சில நிமிடத்தில் கிடைத்துவிடும். ஸ்பெயினின் நொத்தாரியோ கடினமான அரசுத் தேர்வு எழுதி வரும் சட்ட அதிகாரி. பத்திரத்தின் சட்டப்பூர்வத்தைப் பார்ப்பது, இரு தரப்புக்கும் படித்துக் காட்டுவது, மூலத்தைத் தன் அலுவலகத்திலேயே வைத்துக்கொள்வது அவர் வேலை. அப்படி அவர் முன்னிலையில் உருவாவதுதான் ‘எஸ்கிரித்தூரா பூப்லிகா’. ஆகவே அவர்கள் ஒரு ‘போதேர்’, அதாவது அதிகாரப் பத்திரம் கேட்டால், நம் நோட்டரி முத்திரையோடு அனுப்பினால் வேலை முடியாது. 1961ஆம் வருட ஹேக் உடன்படிக்கையின்படி வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில், அதாவது ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் சான்று, வேண்டும். இந்தியா அந்த உடன்படிக்கையில் 2005 முதல் இருக்கிறது. அதோடு ஸ்பெயின் அரசின் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்த மொழிபெயர்ப்பும் கேட்பார்கள். இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும் என்பதை ஷிப்மென்ட் தேதி போடுவதற்கு முன்பே முதலாளிக்குச் சொல்லத் தெரிந்திருப்பது பெரிய விஷயம்.

சில வார்த்தைகள் எங்களைச் சிரமப்படுத்தவே இல்லை. ஸ்பானிஷ் பல நூறு வருடம் அரபியோடு வாழ்ந்த மொழி, வரி, கிடங்கு, வாடகை சம்பந்தமான சொற்களில் அரபி நிறைய. சுங்கத்துக்குச் சொல்லும் ‘அதுவானா’வும் நம் ‘திவான்’ என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. ஊர்த் தலைவருக்கான ‘அல்கால்தே’வும் நம் ‘காஜி’யும் அப்படியே. வக்கீல், ஜப்தி, ரத்து, வசூல், ஜாமீன் என்று அரபி வழி வந்த சொற்களோடு கோர்ட்டில் புழங்கும் நமக்கு அந்த வரிசை சட்டென்று பிடிபடுகிறது.

எண்கள் பாடம் எல்லோருக்கும் கட்டாயமாக்க வேண்டிய பாடம். ஸ்பெயினில் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி, தசமத்துக்குக் காற்புள்ளி. 1.250 என்று எழுதினால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது, 1.250,75 என்றால் அதோடு முக்கால் யூரோ. ஆனால் மெக்சிகோவில் நம்மைப் போலவே தசமத்துக்குப் புள்ளிதான். ஒரே மொழி, இரண்டு நாட்டு இன்வாய்ஸ், இரண்டு விதம். பெரிய தொகையில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. ‘பில்யோன்’ என்பது ஆங்கில பில்லியன் இல்லை. ஆங்கில பில்லியனுக்கு அவர்கள் ‘மில் மில்யோனெஸ்’ என்பார்கள், நம் கணக்கில் நூறு கோடி. அவர்களுடைய பில்யோன் அதைப்போல ஆயிரம் மடங்கு, சரியாக ஒரு லட்சம் கோடி. டீச்சர் இதை ஆங்கிலம் வழியாகச் சொல்லாமல் நேராக லட்சம் கோடி என்றே சொல்லிக்கொடுத்ததால் யாரும் குழம்பவில்லை.

கம்பெனிப் பெயரின் வாலில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கவும் சொல்லிக்கொடுத்தார். ஸ்பெயினில் எஸ்.எல். என்றால் வரையறுத்த பொறுப்புள்ள சின்ன கம்பெனி வகை. முன்பு குறைந்தது 3,000 யூரோ மூலதனம் வேண்டும், 2022இல் வந்த சட்டத்துக்குப் பிறகு ஒரு யூரோவிலேயே தொடங்கலாம். எஸ்.ஏ. என்றால் பங்குகளாகப் பிரிந்த கம்பெனி வகை, அதற்குக் குறைந்தது 60,000 யூரோ மூலதனம் வேண்டும். கடனில் சரக்கு அனுப்பும்போது இந்த வித்தியாசம் மனதில் இருப்பது நல்லது. மெக்சிகோ கம்பெனிகளுக்கு எஸ்.ஏ. தே சி.வி. என்று வரும், மாறும் மூலதனம் என்று பொருள். வரி எண்ணுக்கு ஸ்பெயினில் என்.ஐ.எஃப்., மெக்சிகோவில் ஆர்.எஃப்.சி., பெருவில் ஆர்.யு.சி. மதிப்புக் கூட்டு வரி ஸ்பெயினில் 21 சதவீதம், மெக்சிகோவில் 16.

இந்த இடத்தில்தான் வகுப்பின் பெரிய குறையும் தெரிகிறது. டீச்சரின் அனுபவம் மாட்ரிட்டில். லத்தீன் அமெரிக்கா பகுதி அவசரமாக ஓடிவிடுகிறது. சரக்கோடு போகும் டெலிவரி நோட்டுக்கு ஸ்பெயினில் ‘அல்பரான்’, அர்ஜென்டினாவில் ‘ரெமீத்தோ’, மெக்சிகோவில் ‘ரெமிசியோன்’ என்று ஒரு பட்டியல் கொடுத்தார், அவ்வளவுதான். ஸ்பானிஷ் ஆட்சிமொழியாக இருக்கும் நாடுகள் இருபது. மெக்சிகோவுக்குக் கல் அனுப்பும் கிரானைட் கணக்காளர் அதற்கென்று வந்தவர். அவருக்குப் பாதி ஞாயிறுகள் வீண்போனதுபோல் இருந்தது, அதை டீச்சரிடமே மரியாதையாகச் சொன்னார். அடுத்த பேட்சில் மெக்சிகோ சட்டம் தெரிந்த ஒருவரை ஆன்லைனில் அழைப்பதாகச் சொல்லியிருக்கிறார். நடந்தால் நல்லது.

கடிதம் எழுதும் பயிற்சி நன்றாக இருக்கிறது. ‘தூ’வும் ‘உஸ்தே’வும் நமக்கு நீ, நீங்கள்தான், ஆங்கிலத்தில் மட்டும் வளர்ந்தவர்கள்போல் தடுமாற வேண்டியதில்லை. ஸ்பெயின்காரர்கள் சீக்கிரமே ‘தூ’வுக்கு இறங்கிவிடுவார்கள். பேச்சில் அவர்களோடு நாமும் இறங்கலாம், பணம் கேட்டு எழுதும் கடிதத்தில் மட்டும் ‘உஸ்தே’வை விடக் கூடாது என்பது டீச்சரின் விதி. அவர்களுக்கு இரண்டு குடும்பப் பெயர் உண்டு, திருவாளர் என்று எழுதும்போது முதல் குடும்பப் பெயரைப் போட வேண்டும். பாக்கி வசூலுக்கு மூன்று படியாகக் கடிதம் எழுதச் சொன்னார்: முதலில் நினைவூட்டல், பிறகு தேதி குறிப்பிட்டு வேண்டுகோள், கடைசியில் ‘ரெகெரிமியெந்தோ தே பாகோ’ என்ற முறையான கோரிக்கை. அந்தக் கடைசிக் கடிதத்தை அங்கே ‘புரோஃபக்ஸ்’ என்ற அஞ்சல் சேவையில் அனுப்புவார்கள். கடிதம் போய்ச் சேர்ந்ததற்கு மட்டுமல்ல, அதற்குள் என்ன எழுதியிருந்தது என்பதற்கும் அது அத்தாட்சி. நம் ஒப்புகை அட்டைக்கு உள்ளடக்கம் தெரியாது. வணிகத்தில் பணம் கொடுக்க ஸ்பெயினில் 60 நாள் உச்ச வரம்பு வைக்கும் சட்டம் 2004இல் வந்து 2010இல் இறுக்கப்பட்டது என்பதையும், நம் 2006ஆம் வருடச் சிறு குறு தொழில் சட்டத்தின் 45 நாளோடு வைத்து விளக்கினார்.

வீட்டுப்பாடம் ஆளுக்கு ஆள் வேறு. எனக்கு வந்தது ஐரோப்பிய ஒன்றியத்தின் 1007/2011 விதி. துணியில் எந்த நார் எத்தனை சதவீதம் என்று லேபிளில் எப்படி எழுத வேண்டும் என்பதைச் சொல்வது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்ட இணையதளத்தில் ஸ்பானிஷையும் ஆங்கிலத்தையும் அக்கம்பக்கமாக வைத்துக் காசில்லாமல் படிக்கலாம். பருத்தி ‘அல்கொதோன்’, கம்பளி ‘லானா’, பட்டு ‘சேதா’ என்று தொடங்கி, எந்த நாட்டில் விற்கிறதோ அந்த நாட்டின் மொழியில் லேபிள் இருக்க வேண்டும் என்ற பிரிவு வரை படித்து முடித்தபோது, நான் தினமும் தொடும் சரக்கின் சட்டத்தையே மூல மொழியில் படித்திருந்தேன். ஸ்பெயின் அரசிதழின் தளத்தில் முக்கியச் சட்டங்கள் திருத்தங்கள் சேர்த்த வடிவில் கிடைக்கின்றன. 1713இல் தொடங்கிய ஸ்பானிஷ் ராயல் அகாடமியின் சட்ட அகராதியும் இணையத்தில் இலவசம், எந்தச் சொல் எந்த நாட்டில் எப்படிப் புழங்குகிறது என்பதும் அதில் இருக்கிறது. இந்த மூன்றையும் தேடிப் பயன்படுத்தப் பழக்கிவிட்டதற்காகவே டீச்சருக்கு நன்றி சொல்ல வேண்டும். வகுப்பு முடிந்த பிறகும் எனக்குக் கை கொடுப்பவை அவைதான்.

இலக்கணம் அதிகம் கிடையாது. ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பேச்சில் செத்துப்போன ஒரு வினை வடிவம் சட்ட வாசகத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘மீறுவாராயின்’ என்பதுபோல ‘இன்கும்ப்ளியேரே’ என்று வரும். எந்த ஆரம்பப் பாடப் புத்தகத்திலும் இருக்காது, பார்த்தால் அச்சுப் பிழை என்று தோன்றும். நம் பத்திரத்து ‘யாதொரு’, ‘மேற்படி’, ‘பின்னிட்டு’ எல்லாம் வீட்டில் யாரும் பேசாத தமிழ்தானே. அதனால் எங்களில் யாரும் அதற்கு மிரளவில்லை.

மாதம் ஒரு ஞாயிறு வகுப்பு ஏற்காட்டில், அந்த அக்காவின் எஸ்டேட் வீட்டில். காலைப் பேருந்தில் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய், மாலை இறங்கிவிடலாம். அங்கே நாள் முழுதும் பேரம். இரண்டு அணியாகப் பிரிந்து, ஒரு பக்கம் ஏற்காட்டு மிளகு விற்பவர்கள், மறு பக்கம் வலென்சியாவில் வாங்குபவர்கள். ஈரப்பதம், லிட்டருக்கு எத்தனை கிராம் எடை, மாதிரி எடுக்கும் முறை, தாமதத்துக்கு அபராதம் எல்லாம் ஸ்பானிஷில் பேசி, கடைசியில் ஒரு பக்க ஒப்பந்தம் எழுத வேண்டும். மிளகை மடியில் வைத்துக்கொண்டே அதன் ஈரப்பதத்தைப் பற்றிப் பேசினால் வார்த்தை மறப்பதில்லை. இந்த வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், டீச்சரும் அங்கேதான் நிதானமாக இருப்பார்.

ஒரு முறை எங்கள் அணி எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போடப் போனபோது டீச்சர் தடுத்தார். “கடைசி வரியைப் படிச்சீங்களா?” என்றார். எதிரணி எழுதியிருந்தது, இரு தரப்பும் தங்கள் சொந்த நீதிமன்ற எல்லையை விட்டுக்கொடுத்து வலென்சியா நீதிமன்றங்களுக்குக் கட்டுப்படுவதாக. சேலத்தில் எந்த மொத்த வியாபாரக் கடை பில்லை எடுத்தாலும் அடியில் ‘சேலம் நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது’ என்பது ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். நாம் வாங்குபவர்களுக்குக் காலங்காலமாகப் போடும் அதே வரியை அவர்கள் நமக்குப் போடுகிறார்கள். அதற்கு மேல் இன்னொரு வரி: இரண்டு மொழி வாசகத்துக்கும் முரண்பாடு வந்தால் ஸ்பானிஷ் வாசகமே மேலோங்கும். அப்படி எழுதிவிட்டால் நாம் படித்துப் புரிந்துகொண்ட ஆங்கிலப் பக்கம் வழக்கில் பெரிதாக உதவாது. ஒப்பந்தத்துக்கு ஸ்பெயின் சட்டம் என்று எழுதிவிட்டால், சர்வதேசச் சரக்கு விற்பனை பற்றிய 1980ஆம் வருட வியன்னா உடன்படிக்கையும் உள்ளே வரக்கூடும், ஸ்பெயின் அதில் இருக்கிறது, இந்தியா சேரவில்லை என்பதை இளம் வக்கீல் எடுத்துச் சொன்னார். அன்று மலை இறங்கும்வரை பேருந்தில் இதே பேச்சு. இப்போது எங்கள் கம்பெனியில் எந்த ஸ்பானிஷ் ஒப்பந்தம் வந்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குகிறேன்.

மற்ற குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பாடக் குறிப்பு எல்லாம் கையெழுத்தின் ஜெராக்ஸ், சில பக்கம் மங்கி இருக்கும். புதன் ஆன்லைன் வகுப்பு நேர் வகுப்பின் பாதிகூட இல்லை, பெரும்பாலும் வீட்டுப்பாடம் திருத்துவதோடு முடிந்துவிடும். சட்டம் எழுபது பங்கு, வணிகம் முப்பது பங்கு என்று சொல்லலாம். பேங்க், இன்சூரன்ஸ், கணக்குப் பதிவு சொற்கள் எனக்குப் போதவில்லை. எல்.சி., அதாவது வாங்குபவரின் பேங்க் பணத்துக்குக் கொடுக்கும் உத்தரவாதக் கடிதம், அதற்கான ஆவணச் சொற்களை நானே தனியாகத் தேடிக்கொண்டேன். தொலைபேசியில் வேகமாகப் பேசும் ஸ்பானிஷைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் பயிற்சியும் அநேகமாக இல்லை. ஆறு மாதம் முடித்தால் ஒரு சான்றிதழ் தருகிறார், ஆனால் வேலைக்குக் காட்ட வேண்டுமானால் ஸ்பெயின் அரசின் செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்தும் டெலே என்ற மொழித் தேர்வைத் தனியாக எழுத வேண்டும். அதன் ஆறு நிலைகளும் பொது ஸ்பானிஷுக்கானவை, இந்த வகுப்பு அதற்குத் தயார் செய்வதில்லை. இதை டீச்சர் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுகிறார்.

பயணத்துக்காகவோ வெளிநாட்டில் படிக்கப் போவதற்காகவோ ஸ்பானிஷ் வேண்டும் என்பவர்களுக்கு இது சரிவராது. ஏற்றுமதி ஆவணம் பார்ப்பவர்கள், ஸ்பெயின் பையரோடு நேரடியாகப் பேரம் பேசுபவர்கள், வெளிநாட்டு ஒப்பந்தம் பார்க்கும் வக்கீல்கள், ஆடிட்டர்கள் தயங்காமல் சேரலாம். மெக்சிகோ, கொலம்பியா பக்கம் வியாபாரம் உள்ளவர்கள் அடுத்த பேட்ச் எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். சேருவதற்கு முன் ஒரு ஞாயிறு இலவசமாக உட்கார்ந்து பார்க்க விடுகிறார். போகும்போது உங்கள் கம்பெனிக்கு வந்த ஏதாவது ஒரு ஸ்பானிஷ் ஆர்டரையோ கடிதத்தையோ, பெயரும் தொகையும் மறைத்து, நகல் எடுத்துக்கொண்டு போங்கள். அன்றைய பாடத்தை அதிலிருந்தே எடுப்பார்.